ஏழு மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டேன், எதில் நிலைப்பது?

#1 புதுவரவு

வணக்கம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. இரண்டாம் வாரம் மாணவர் மன்றங்களின் அறிமுக நாள் நடந்தது. மைதானம் முழுக்க மேசைகள். விவாத மன்றம், நாடகக் குழு, ரோபோ செய்யும் குழு, வளாக இதழ், மலையேற்றக் குழு, தொண்டு அமைப்பு, வானியல் மன்றம் என்று ஏழு இடங்களில் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு மேசையிலும் அவ்வளவு ஆசையாகப் பேசினார்கள். மறுக்க மனம் வரவில்லை.

இப்போது நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது செய்திகள் வருகின்றன. ஒரே மாலையில் மூன்று கூட்டங்கள் மோதுகின்றன. போன வாரம் இரண்டுக்குப் போனேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அறைக்குத் திரும்பி, எதற்காகப் போனோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் வகுப்புப் பிரதிநிதித் தேர்தல் வருகிறது. நண்பர்கள் என்னை நிற்கச் சொல்கிறார்கள். பள்ளியில் நான் எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. ஏழில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? தலைமைப் பண்பு என்பது எனக்கெல்லாம் வருமா, இல்லை நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 பழைய செயலாளர்

தம்பி, ஏழில் பெயர் கொடுத்ததை ஒரு தவறாக நினைக்காதீர்கள். அறிமுக நாளில் எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறோம். மன்றத்தை நடத்துகிறவர்களுக்கும் அது தெரியும். பெயர் எழுதியவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் மாதத்தில் வரமாட்டார்கள் என்று எதிர்பார்த்துத்தான் ஏற்பாடுகள் செய்வோம். விலகுவதில் குற்ற உணர்வு வேண்டாம். சொல்லிவிட்டு விலகுங்கள், அது போதும்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது. அடுத்த வாரம் நீங்கள் போகாவிட்டால் அங்கே ஏதாவது ஒரு வேலை நின்றுபோகுமா? சுவரோரம் உட்காருகிறவர் வராவிட்டாலும் கூட்டம் நடந்துவிடும். சாவி வைத்திருப்பவர் வராவிட்டால் நடக்காது. எந்த மன்றத்தில் அப்படி ஒரு சின்ன வேலையை உங்களால் கேட்டு வாங்க முடிகிறதோ, அதில் இருங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், என் இரண்டாம் ஆண்டில் நாங்கள் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்திருந்தோம். மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. நாலே முக்காலுக்கு அரங்க வாசலில் நூறு பேருக்கு மேல் நிற்கிறார்கள், கதவு பூட்டியிருக்கிறது. காவலர் அறைக்கு ஓடினால், "எனக்கு அனுமதிக் கடிதம் வரவில்லை" என்கிறார். கடிதம் பத்து நாளைக்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. அதன் நகலைக் காவலர் அறையில் கொண்டுபோய்க் கொடுப்பது யார் என்பதை மட்டும் நாங்கள் பேசவே இல்லை. தலைவர் துணைத்தலைவரை நினைத்திருந்தார். துணைத்தலைவர் என்னை நினைத்திருந்தார். அலுவலகமே அனுப்பிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். கடிதம் துணைத்தலைவரின் பைக்குள் நான்காக மடித்தபடி இருந்தது. பேச்சாளர் மரத்தடியில் நாற்பது நிமிடம் நின்றார். கதவு திறந்தபோது வந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த நகல் வேலையை முதலாமாண்டு மாணவர் ஒருவர் தானாகக் கேட்டு எடுத்துக்கொண்டார். ஆண்டு முழுக்க அவர் ஒருமுறைகூட மேடை ஏறவில்லை. ஆனால் காவலர், மின்பணியாளர், அரங்கப் பொறுப்பாளர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அவருக்குப் பழக்கம். ஒலிவாங்கி ஓயும்போது யாரைத் தேடுவது என்று அவருக்குத்தான் தெரியும். அடுத்த தேர்தலில் அவர் கேட்காமலேயே மூன்று பேர் அவர் பெயரை முன்மொழிந்தார்கள். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. உங்கள் இரண்டாம் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அவர்தான்.

#3 நேர்ப்பேச்சு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முதல் பருவத் தேர்வு முடிவு கையில் வரும்வரை ஒரு மன்றத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று என்று இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பாடத்தில் தோற்று, அடுத்த ஆண்டு முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிந்த நண்பர்களை அருகிலிருந்து பார்த்தவன் நான். படிக்கத்தான் வந்திருக்கிறீர்கள். வாரத்துக்கு நாலு மணி நேரம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அதுவும் வேண்டாம்.

இன்னொன்று. வேலைக்கு ஆளெடுக்கும் நேர்காணல்களில் சில ஆண்டுகளாக உட்காருகிறேன். தன்விவரக் குறிப்பில் தலைவர், ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர் என்று வரிசையாகப் பதவிகள் இருக்கும். "அந்த ஆண்டில் உங்களால் மாறிய ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பலரும் திணறுவார்கள். நிகழ்ச்சியின் பெயரைச் சொல்வார்கள், வந்த விருந்தினரின் பெயரைச் சொல்வார்கள். தாங்கள் செய்ததைச் சொல்லத் தெரியாது.

ஒரு பெண் மட்டும் இப்படிச் சொன்னார்: "நான் வளாக இதழில் சாதாரண உறுப்பினர். கட்டுரைகள் எப்போதும் கடைசி நாளில்தான் வரும், அச்சுக்குத் தாமதமாகும். கெடுவை இரண்டாகப் பிரித்தேன். முதல் கெடுவுக்குத் தலைப்பும் முதல் பத்தியும் வந்தால் போதும் என்றேன். அது வராதவர்களின் பக்கத்தை அன்றைக்கே வேறொருவருக்குக் கொடுத்தோம். அதன் பிறகு இரண்டு இதழ்கள் நாள் தவறாமல் வந்தன." அவர் பேசி முடிப்பதற்குள் எங்கள் மேசையில் முடிவு எடுத்தாகிவிட்டது. பதவிக்காகத் தேர்தலில் நிற்காதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

#4 புதுவரவு

இருவருக்கும் நன்றி. செயலாளர் அண்ணா சொன்ன கேள்வியை ஏழு மன்றங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். ஏழிலும் விடை 'நின்றுபோகாது' என்றுதான் வந்தது. கொஞ்சம் வலித்தது. வேலையைக் கேட்டு வாங்குவது எப்படி? புதிதாக வந்தவன் போய்க் கேட்டால் முந்திரிக்கொட்டை என்று நினைக்கமாட்டார்களா?

#5 ஓலைச்சுவடி

நினைக்கமாட்டார்கள், தம்பி. நினைத்தாலும் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். வேலை செய்ய ஆள் கிடைக்காத கவலை எல்லா மன்றங்களுக்கும் உண்டு.

'தலைமைப் பண்பு எனக்கெல்லாம் வருமா' என்று கேட்டிருந்தீர்கள். நான் வரலாறு படித்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பல்கலைக்கழகம் என்ற அமைப்பு பிறந்ததிலேயே மாணவர்களுக்குப் பங்கு இருக்கிறது. இத்தாலியின் பொலோன்யாவுக்கு 1088ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது மரபு. அங்கே சட்டம் படிக்கத் தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு அந்த நகரத்தின் குடியுரிமை கிடையாது, அதனால் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. தனித்தனியாக நின்றால் பிழைக்க முடியாது என்று சங்கமாகச் சேர்ந்தார்கள். லத்தீனில் 'உனிவெர்சிதாஸ்' என்ற சொல் அங்கே அந்தச் சங்கத்தைத்தான் குறித்தது, கட்டடத்தைக் குறிக்கவில்லை. தங்களுக்குள் ஒருவரை ரெக்டராக, அதாவது சங்கத்தின் தலைவராக, தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர்களோடு ஒப்பந்தம் பேசினார்கள். வகுப்புக்குத் தாமதமாக வரும் ஆசிரியருக்கு அபராதம் போடும் விதிகள்கூட அங்கே இருந்தன.

அந்த அதிகாரம் காலப்போக்கில் கைமாறிப் போனது. ஆனால் கோரிக்கை ஓயவில்லை. 1918இல் அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் மாணவர்கள் எழுந்து, நிர்வாகத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். அது லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில், நிர்வாக மன்றத்துக்குத் தலைமை தாங்கும் ரெக்டர் பதவிக்கான தேர்தலில் 1972இல் வென்றவர் அங்கே படித்துக்கொண்டிருந்த கோர்டன் பிரவுன். 2007இல் பிரிட்டனின் பிரதமரானார். வகுப்புப் பிரதிநிதி என்ற சின்னப் பொறுப்பும் இந்த நீண்ட வரிசையில் வருவதுதான்.

வரிசையில் நிற்க எல்லோரையும் விட்டார்களா என்றால் இல்லை. அதையும் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற புகழ்பெற்ற விவாத மன்றம் 1823இல் தொடங்கியது. பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்க அதற்கு 1963 வரை ஆனது. அப்படி ஏற்றுப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல், அதன் தலைவராக இருந்தவர் பெனாசிர் பூட்டோ.

#6 மாலைப்பணி

ஓலைச்சுவடி ஐயா கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். இன்றைக்கும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. விதியில் எழுதி மூடவில்லை, நேரத்தால் மூடியிருக்கிறார்கள்.

நான் மாலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவன். இரவு பத்தரைக்குத்தான் முடியும். கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த வேலையிலிருந்துதான் வருகிறது. எங்கள் வளாகத்தில் ஏறத்தாழ எல்லா மன்றங்களும் மாலை ஆறரை, ஏழு மணிக்குத்தான் கூடும். விடுதியில் இருப்பவர்களுக்கு அது வசதி. இரண்டாம் ஆண்டில் ஒரு மன்றத்தின் செயற்குழுவுக்கு என் பெயரைக் கொடுத்தேன். முக்கால்வாசிக் கூட்டங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று ஒரு விதியைக் காட்டி நீக்கிவிட்டார்கள். அந்த மன்றத்தின் சுவரொட்டிகள் எல்லாவற்றையும் பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியிலேயே வடிவமைத்தவன் நான். என் உழைப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது, என் வாக்கு வேண்டியிருக்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அது இன்னும் கசக்கிறது. கோபப்பட ஆளில்லை.

பிறகு வேறொரு மன்றத்தில் சேர்ந்தேன். அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நண்பகல் இடைவேளையில் கூடுகிறார்கள். எந்த முடிவையும் அன்றைக்கே முடிக்கமாட்டார்கள். முன்மொழிவை எழுதிப் போட்டு இரண்டு நாள் காத்திருந்து, வராதவர்களின் கருத்தையும் வாங்கிக்கொண்டு முடிப்பார்கள். இரண்டு நாள் தாமதத்தால் அங்கே எந்த நிகழ்ச்சியும் கெட்டதாக எனக்கு நினைவில்லை.

புதுவரவு தம்பி, நீங்கள் எந்த மன்றத்துக்குப் போனாலும் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு, யார் வரவில்லை என்றும் பாருங்கள். வேலைக்குப் போகிறவர், தொலைவிலிருந்து வந்துபோகிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுப் படிக்க வருகிறவர். மாடிப்படி ஏறித்தான் போக வேண்டிய அறையில் கூட்டம் வைத்துவிட்டு 'எல்லோரும் வருக' என்று சுவரொட்டி ஒட்டுவது சரியாகாது.

#7 பழைய செயலாளர்

மாலைப்பணி தம்பி, நாங்களும் அந்த முக்கால்வாசி விதியை வைத்திருந்தோம். வராமலே பதவி வாங்குகிறவர்களைத் தடுக்க அதைக் கொண்டுவந்தோம். உங்களைப் போன்ற ஒருவரை அது வெளியே தள்ளும் என்று எழுதும்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்துக்கு வந்ததை எண்ணியதற்குப் பதிலாகச் செய்த வேலையை எண்ணியிருக்க வேண்டும். தவறுதான்.

#8 குறிப்பேடு

வேலையை எப்படிக் கேட்டு வாங்குவது என்று புதுவரவு கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கூட்டம் தொடங்கும்போது "இன்றைக்கு நான் குறிப்பெடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். எந்த மன்றத்திலும் இதற்கு மறுப்பு வராது. யாருக்கும் பிடிக்காத வேலை அது.

கூட்டத்தில் பேசவே நடுங்குகிறவளாகத்தான் நான் சேர்ந்தேன். குறிப்பெடுக்கத் தொடங்கிய பிறகு பேசியே ஆக வேண்டியிருந்தது. எழுதுகிறவளுக்குச் சந்தேகம் வந்தால் கேட்கத்தானே வேண்டும்? "மன்னிக்கவும், இப்போது முடிவானது என்ன?" என்று கேட்பேன். அரை மணி நேரம் விறுவிறுப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஏதோ முடிவாகிவிட்டதாக ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள், ஆளுக்கொரு முடிவாக. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் கையில்தான் கூட்டம் இருக்கிறது என்று எனக்குப் புரிய ஒரு பருவம் ஆனது.

எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று கட்டங்கள் போட்டிருந்தேன். என்ன, யார், எப்போதுக்குள். 'யார்' கட்டத்தில் 'எல்லோரும்' என்று எழுதமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். 'செயற்குழு' என்றும் எழுதமாட்டேன். ஒரு மனிதரின் பெயர் வேண்டும். செயலாளர் அண்ணா சொன்ன பூட்டிய அரங்கக் கதையில் அந்த ஒரு கட்டம்தான் காலியாக இருந்திருக்கிறது.

கூட்டம் நடத்துவது பிறவித் திறமை என்று நினைக்காதீர்கள். ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரை 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவருக்கு அதன் நடைமுறை எதுவும் தெரியாது. கூட்டம் கைமீறிப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் அவர் படிக்கத் தொடங்கி, 1876இல் கூட்ட நடைமுறைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். இன்றும் பல அமைப்புகள் அதைப் பின்பற்றுகின்றன. முன்மொழிவது, வழிமொழிவது, திருத்தம் கொடுப்பது ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

எனக்கு மிகப் பிடித்த தலைவர், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய எல்லா பேக்கர் (Ella Baker) என்ற அமெரிக்கப் பெண்மணி. 1960 பிப்ரவரி முதல் நாள், அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய உணவு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். மறுநாள் இருபதுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். போராட்டம் மற்ற நகரங்களுக்கும் பரவியதும், ஏப்ரலில் அந்த மாணவர்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டியவர் பேக்கர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. தலைமையை அவரே எடுத்திருக்கலாம், ஏற்கெனவே இருந்த பெரிய அமைப்புகளில் ஒன்றின் கிளையாகவும் ஆக்கியிருக்கலாம். உங்கள் அமைப்பை நீங்களே நடத்துங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றார்.

#9 ஆலோசகர் ஆசிரியர்

பல ஆண்டுகளாக ஒரு மாணவர் மன்றத்துக்கு ஆலோசகராக இருக்கிறேன். பிள்ளைகள் எழுதியதைப் படிக்க மனம் நிறைகிறது. இதுவரை யாரும் தொடாத இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, வாய்ப்பு என்றாலே மன்றங்களை மட்டும் நினைக்கிறீர்கள். பாடத்திட்டக் குழு, நூலகக் குழு, விடுதிக் குழு, மாணவர் குறைதீர்ப்புக் குழு ஆகியவற்றில் மாணவர்களுக்கு இடம் ஒதுக்கிய பல்கலைக்கழகங்கள் நிறைய. அந்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறிமுக நாளில் அவற்றுக்கு மேசை கிடையாது, சுவரொட்டி கிடையாது. ஆனால் உங்கள் தேர்வு அட்டவணையும் நூலகம் மூடும் நேரமும் அங்கேதான் முடிவாகின்றன. துறை அலுவலகத்தில் போய், எந்தக் குழுவில் மாணவர் இடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

வகுப்புப் பிரதிநிதி அப்படி ஒரு குழுவுக்குள் வந்ததை ஒருமுறை பார்த்தேன். மூன்று பாடங்களின் ஒப்படைப்பு ஒரே வாரத்தில் விழுந்திருந்தது. முந்தைய ஆண்டுப் பிரதிநிதி இதையே 'மாணவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள்' என்று சொல்லிப் பார்த்தார். மாணவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நாங்கள் கடந்துபோய்விட்டோம். இந்தப் பெண் ஒரே ஒரு தாளோடு வந்தார். பருவத்தின் பதினாறு வாரங்களையும் கட்டமிட்டு, எந்த வாரத்தில் எந்த ஒப்படைப்பு என்று குறித்திருந்தார். ஒன்பதாம் வாரக் கட்டத்தில் எழுத இடமே இல்லை. ஏழாம் வாரமும் பதினொன்றாம் வாரமும் வெறுமையாக இருந்தன. "இரண்டை நகர்த்த முடியுமா?" என்று மட்டும் கேட்டார். ஐந்து நிமிடத்தில் நகர்த்தினோம். அந்த மூன்று ஆசிரியர்களுக்கும் மற்றவர்களின் தேதி தெரியாது என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

இரண்டாவது, ஆள் கூட்டம். நூறு உறுப்பினர்கள் இருந்தும் வேலை செய்வது ஆறு பேர்தான் என்று ஒவ்வோர் ஆண்டும் தலைவர்கள் என்னிடம் வந்து புலம்புகிறார்கள். இதை மாணவர்களின் சோம்பல் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மனிதர்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரின் விசையும், தனியாக இழுத்தபோது இருந்ததில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. இழுப்பு ஒத்துப்போகாததும் ஒரு காரணம், பக்கத்தில் இருப்பவர் இழுப்பார் என்ற நினைப்பும் ஒரு காரணம். குறிப்பேடு 'எல்லோரும்' என்று எழுத மறுத்தது எவ்வளவு சரி என்று பாருங்கள்.

அலெக்ஸாண்டர் ஆஸ்டின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1984இல் மாணவர் ஈடுபாடு பற்றி ஒரு கோட்பாட்டை எழுதினார். மாணவர் செலுத்தும் உடல் ஆற்றலையும் மன ஆற்றலையும்தான் அவர் ஈடுபாடு என்றார். உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பது அந்தக் கணக்கில் வராது. படிப்பில் செலுத்தும் ஆற்றலும் அவருடைய கணக்கில் ஈடுபாடுதான். ஆகவே நேர்ப்பேச்சு சொன்னதும் இதற்கு வெளியே இல்லை.

#10 நேர்ப்பேச்சு

ஐயா சொன்ன குழுக்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நான் படித்த காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் போயிருப்பேன். நாலு மணி நேர வரம்பை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

#11 வரவுசெலவு

எல்லோரும் கூட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பணத்தைப் பற்றிப் பேச ஒருவராவது வேண்டும். இரண்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன்.

மன்றம் உடைவது பெரும்பாலும் கொள்கைச் சண்டையால் இல்லை, ரசீதால்தான். நல்ல மனிதர்கள், ஒரு காசு எடுக்காதவர்கள், ரசீது வைக்காததால் பேர் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். என் முதல் நிகழ்ச்சியில் செலவுக்கும் கையிருப்புக்கும் இடையில் சிறு தொகை உதைத்தது. மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில், பதாகை கட்டக் கயிறு வாங்கிய ஒரு மாணவர் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டு, வாசலில் வசூலான காசிலிருந்து அதைத் தானே எடுத்துக்கொண்டது தெரிந்தது. அவர் செய்தது நியாயம்தான், எழுதி வைக்கவில்லை. அந்த மூன்று நாளும் மூன்று பேரை நான் மனத்துக்குள் சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் வசூல் பெட்டியை எப்போதும் இருவர் சேர்ந்துதான் எண்ணுவோம், எண்ணியவுடன் இருவரும் கையெழுத்திடுவோம். வந்த பணத்திலிருந்து நேராகச் செலவு செய்யக் கூடாது. மாதக் கணக்கு எல்லா உறுப்பினர்களும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொறுப்பு கைமாறும் காலத்தில்தான் எல்லாம் தொலைகிறது. தேர்வு முடிந்து பழையவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மின்னஞ்சல் கடவுச்சொல், வங்கியில் யார் கையெழுத்து, ஒலிபெருக்கி யாரிடம் வாடகைக்கு எடுத்தது, எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். புதியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் முதல் படியிலிருந்து ஏறுகிறார்கள். ஒரு மாதமாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

#12 புதுவரவு

ஆறு வாரங்கள் கழித்து வருகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஐந்து மன்றங்களுக்கு, 'இந்தப் பருவம் என்னால் வர இயலாது, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள்' என்று இரண்டு வரி எழுதினேன். மூன்றிலிருந்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. இதுவரை யாரும் சொல்லாமல்தான் போவார்களாம். வானியல் மன்றத்தையும் வளாக இதழையும் வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் இதழையும் விட்டேன். நேர்ப்பேச்சு அண்ணாவின் நாலு மணி நேரத்துக்குள் இரண்டும் அடங்கவில்லை.

வானியல் மன்றத்தில் குறிப்பெடுக்கட்டுமா என்று கேட்டேன். அதை ஏற்கெனவே ஓர் அக்கா செய்துகொண்டிருந்தார். "தொலைநோக்கிப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். சரி என்றேன். வானம் பார்க்கும் இரவுகளில் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் முக்காலியை நிறுத்த வேண்டும், முடிந்ததும் எண்ணி உள்ளே வைக்க வேண்டும். கண்ணருகு லென்ஸ்கள் நான்கு. மூன்றாம் வாரம் எண்ணியபோது மூன்றுதான் இருந்தன. எல்லோரும் போய்விட்டார்கள், நானும் கைவிளக்கும்தான். புல்லில் முழங்காலிட்டுத் தேடினேன். கடைசியில் பெட்டியின் பஞ்சுறைக்கு அடியில் நழுவிக் கிடந்தது. மறுநாள் மூடியின் உட்பக்கம் நான்கு வட்டங்கள் வரைந்து, எது எங்கே என்று எழுதி ஒட்டினேன். இப்போது வேறு யார் அடுக்கினாலும் குறைந்தால் உடனே தெரிகிறது. போன வாரம் காய்ச்சலில் போகவில்லை. தொலைநோக்கியை நிறுத்தத் தெரியாமல் அரை மணி நேரம் தடுமாறினார்களாம். செயலாளர் அண்ணாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சியாகவும் இருந்தது, தப்பு செய்துவிட்டது போலவும் இருந்தது. நிறுத்தும் முறையை எழுதி இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

தேர்தலில் நின்றேன், தோற்றேன். 31க்கு 22. வென்றவரிடம் போய், ஆசிரியர் ஐயா சொன்ன பதினாறு வாரக் கட்டத்தைச் சொன்னேன். சேர்ந்து நிரப்பிப் பார்த்தோம்; எங்களுக்குப் பன்னிரண்டாம் வாரம்தான் நெருக்கடி. வரும் செவ்வாய் அவர் குழுவுக்குக் கொண்டுபோகிறார்.

#13 மாலைப்பணி

மனமார்ந்த வாழ்த்துகள், தம்பி. உங்கள் வானியல் மன்றத்தின் கூட்டம் எத்தனை மணிக்கு?

#14 புதுவரவு

இரவு ஏழரைக்கு, அண்ணா. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பெயர் கொடுத்துவிட்டு ஒருமுறைகூட வராதவர்களில் ஒன்பது பேருக்கு எழுதிக் கேட்டேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். நால்வருக்கு மாலையில் வேலையோ நீண்ட பயணமோ இருக்கிறது. நட்சத்திரத்தை இரவில்தான் பார்க்க முடியும், கூட்டத்தை நண்பகலில் வைக்கலாமே என்று ஒரு முன்மொழிவு எழுதியிருக்கிறேன். குறிப்பெடுக்கும் அக்காவிடம் மூன்று கட்டங்களையும் போடச் சொல்லியிருக்கிறேன். 'யார்' என்பதில் என் பெயர், 'எப்போதுக்குள்' என்பதில் அடுத்த புதன்.